வீட்டுப் பயோடீசலும் காப்பீடு பற்றிய தவறான நம்பிக்கையும்

உணவகங்கள் கழித்துவிடும் பொரித்த எண்ணெயை வாங்கிவந்து வீட்டிலேயே டீசலாக மாற்றிக்கொள்வது சிக்கனமானது, ஆபத்தில்லாதது என்ற எண்ணம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 1997இல் ஜோஷுவா டிக்கெல் தாவர எண்ணெய் எரிபொருளில் ஓடிய ‘வெஜ்ஜி வேன்’ என்ற வாகனத்தில் அமெரிக்காவைச் சுற்றிவந்தது முதல் இவ்வெண்ணம் பரவலான செல்வாக்குப் பெற்றது; பயோடீசல் சர்க்கரையைப் போல மட்கும், சமையல் உப்பைவிட நச்சுக் குறைந்தது என்ற பரப்புரையும் அதற்குத் துணைநின்றது. ஆனால் இந்தப் புகழ் முழுவதும் செய்து முடிக்கப்பட்ட எரிபொருளுக்கு உரியதே அன்றி, அதைச் செய்யப் பயன்படும் பொருள்களுக்கு உரியதன்று. விளைபொருள் சாதுவானது என்பதால் மூலப்பொருளும் சாதுவானது என்று கருதுவது முதல் பிழை. ஏதேனும் நேர்ந்தால் வீட்டுக் காப்பீடு ஈடுகட்டிவிடும் என்று நம்புவது அதிலிருந்து பிறக்கும் இரண்டாம் பிழை.

தாவர எண்ணெயின் மூலக்கூறை உடைத்துப் பயோடீசலாகவும் கிளிசரினாகவும் பிரிப்பதற்கு மெத்தனால் என்ற சாராய வகையும், வினையை விரைவுபடுத்தும் காஸ்டிக் சோடா அல்லது காஸ்டிக் பொட்டாசும் வேண்டும். ஒரு திரவத்தின் ஆவி, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளத் தொடங்கும் மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்று வெப்பநிலை என்பர். தூய பயோடீசலுக்கு அது 130 டிகிரி செல்சியஸுக்கு மேல். மெத்தனாலுக்கோ ஏறத்தாழ 11 டிகிரி. அதாவது குளிர்காலம் தவிர்த்த எந்த நாளிலும், மூடி திறந்த மெத்தனால் பீப்பாய்க்கு மேலுள்ள காற்று பற்றிக்கொள்ளும் நிலையிலேயே இருக்கிறது. அவ்வாறு பற்றும் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படுவதும் அரிது. மெத்தனாலின் நஞ்சு எத்தகையது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த கள்ளச்சாராயத்தில் இருந்தது இதுவே. உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வையைப் பறிக்கும் இப்பொருள் தோல் வழியாகவும் உள்ளே செல்லக்கூடியது.

செய்முறையே இந்த அபாயத்தைப் பெருக்குகிறது. எண்ணெயை 55 முதல் 60 டிகிரி வரை சூடாக்கி மெத்தனாலைக் கலக்க வேண்டும். மெத்தனாலின் கொதிநிலையோ 65 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. வெந்நீருக்காகச் செய்யப்பட்ட பழைய மின்சார ஹீட்டர் தொட்டியைக் கலனாக மாற்றிக்கொள்வோர் பலர் இருக்க, அதன் வெப்பக் கட்டுப்பாடு சில டிகிரி பிசகினாலே கலனுக்குள் மெத்தனால் கொதிக்கத் தொடங்கிவிடும். வினை முழுமை பெற வேண்டும் என்பதற்காக, எண்ணெயின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு வரை மெத்தனால் சேர்ப்பது வழக்கம். தேவைக்கு மிஞ்சிய பகுதி கிளிசரினிலும் கழுவப்படாத பயோடீசலிலும் தங்கிவிடுவதால், கழிவு என்று மூலையில் ஒதுக்கி வைக்கப்படும் வாளியும் தீப்பற்றும் பொருளாகவே இருக்கிறது. எண்ணெய் துடைத்துக் குவித்த துணிகள் காற்றுடன் வினைபுரிந்து தாமாகவே சூடேறிப் பற்றக்கூடியவை. காஸ்டிக் சோடா அலுமினியப் பாத்திரத்தில் பட்டாலோ ஹைட்ரஜன் வாயு வெளிப்படும்.

புல்வெட்டும் இயந்திரத்துக்காகப் பலரும் வீட்டில் பெட்ரோல் வைத்திருக்கவில்லையா என்பது இதற்கு எழும் வழக்கமான மறுமொழி. பெட்ரோல் இன்னும் குறைந்த வெப்பநிலையில் தீப்பற்றும் என்பது உண்மையே. ஆனால் அது ஒரு சிறு கேனில் மூடிக் கிடக்கிறது. எவரும் அதை 208 லிட்டர் பீப்பாயில் வாங்கி வைத்து, வாரந்தோறும் ஊற்றிச் சூடாக்கிக் கலக்குவதில்லை. மேலும் பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருக்கும்போதுதான் எரியும். மெத்தனால் ஆவியோ 6 முதல் 36 விழுக்காடு வரை எரியும். அமெரிக்க வீடுகள் பலவற்றில் எரிவாயு ஹீட்டரின் சிறு சுடர் இடைவிடாது எரிந்துகொண்டிருப்பதும் மெத்தனால் பீப்பாய் வைக்கப்படும் அதே கார் கொட்டகையில்தான்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, பிரீமியம் கட்டியவருக்கு எல்லா இழப்பும் ஈடுகட்டப்படும் என்பது ஒப்பந்தத்தைப் படிக்காதவர்களின் நம்பிக்கை. நிறுவனம் காப்பதாக ஒப்புக்கொள்வது குடியிருப்பு என்று சொல்லப்பட்ட ஒரு கட்டடத்தை. அதற்குள் பின்னர் அமைந்துவிட்ட வேதிக்கூடத்தை அன்று. அமெரிக்க மாநிலங்கள் பல முன்மாதிரியாகக் கொண்ட 1943ஆம் ஆண்டின் நியூயார்க் தீக்காப்பீட்டுப் பத்திரம், காப்பீடு பெற்றவருக்குத் தெரிந்தோ அவருடைய கட்டுப்பாட்டிலோ அபாயம் கூட்டப்பட்டிருக்கும் காலத்தில் நேரும் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று தெளிவாகவே வகுத்தது. பிரிட்டனின் 2012ஆம் ஆண்டு நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம், வாடிக்கையாளர் தாமாக எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்ற பழைய கடமையை நீக்கியது. ஆயினும் கேட்ட கேள்விக்கு உரிய கவனத்துடன் உண்மை சொல்ல வேண்டும் என்பதை அது விட்டுவிடவில்லை. கவனக்குறைவாகத் தவறான விடை தந்தவருக்கு இழப்பீடு குறையலாம். வேண்டுமென்றே மறைத்தவரின் ஒப்பந்தத்தையே நிறுவனம் செல்லாததாக்கலாம். செய்த எரிபொருளை அண்டை வீட்டாருக்கு விற்றால் அது தொழிலாகிவிடுகிறது. வீட்டுப் பாலிசிகள் பொதுவாகத் தொழிலால் வரும் பொறுப்பை ஏற்பதில்லை.

பிரிட்டன் 2007இல் ஆண்டுக்கு 2,500 லிட்டர் வரை சொந்தமாகச் செய்வோருக்கு எரிபொருள் வரியிலிருந்து விலக்களித்ததை, அரசே வீட்டுத் தயாரிப்புக்குப் பாதுகாப்புச் சான்று தந்ததாகப் பலர் எடுத்துக்கொண்டது வருந்தத்தக்கது. அது வரி பற்றிய முடிவு மட்டுமே. 2,500 லிட்டர் செய்ய ஆண்டுக்கு ஏறத்தாழ 500 லிட்டர் மெத்தனால் வேண்டும் என்பதையும், ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகளில் அது எங்கே வைக்கப்படும் என்பதையும் எண்ணிப் பார்ப்பவர் அந்த விலக்கை வேறு விதமாகவே படிப்பார். பீப்பாயை வாங்குவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கும் உள்ளூர்த் தீயணைப்புத் துறைக்கும் எழுத்தில் தெரிவிப்பதே குறைந்தபட்ச நேர்மை. மெத்தனால் தீயைச் சாதாரண நுரை அணைக்காது. அதற்கென உள்ள தனி நுரை வேண்டும். சாதாரண வீட்டுத் தீ என்று எண்ணிக் கதவைத் திறக்கும் தீயணைப்பு வீரருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடியவர் அதை அங்கே வைத்தவர் ஒருவரே.