உடுக்கடிக் கதைக்கு ஒரு முழு இரவு: சங்கமம் விழா குறித்து எங்கள் நிலைப்பாடு

பொங்கலை ஒட்டிச் சென்னையில் நடக்கும் சங்கமம் விழாவுக்கு அந்தியூர் வட்டாரக் கலைஞர்கள் போகலாமா, வேண்டாமா என்ற பேச்சு எங்களுக்குள் வெகுநாளாக ஓடுகிறது. போக வேண்டும் என்பதே எங்கள் முடிவு. ஆனால் உடுக்கடிப் பாட்டுக்காரர்களை அழைப்பதானால், அவர்களுக்கு ஒரு முழு இரவு ஒதுக்க வேண்டும்.

2007ல் தொடங்கி, இடையில் நின்று, 2023ல் ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரில் மீண்டும் வந்த விழா இது. பூங்காவிலும் திடலிலும் காசு வாங்காமல் கிராமியக் கலைகளை நகரத்தார் முன் நிறுத்தியது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். பறைக்கும் ஒயிலுக்கும் பெருஞ்சலங்கைக்கும் நிமிடக் கணக்கில் மேடை கிடைத்தாலும் பாதகமில்லை. முதல் அடி விழுந்ததும் கூட்டம் கூடிவிடும்.

உடுக்கை அடித்துப் பாடும் அண்ணமார் கதை அப்படியல்ல. பாட்டுக்காரர் முதலில் உடுக்கையை அனலில் காட்டித் தோலை விறைப்பாக்குவார். நடுவில் இருக்கும் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் ஒலியை ஏற்றி இறக்கிப் பார்ப்பார். பிறகு சாமி கும்பிடு. தாமரை பிள்ளை வரம் கேட்டுத் தவம் கிடப்பதும், பொன்னரும் சங்கரும் தங்காளும் பிறந்து வளர்வதும் முறையாக வந்தால்தான், அண்ணன்மார் மாண்ட படுகளத்தில் அவர்களைத் தேடித் தங்காள் அழுதுகொண்டு வரும்போது கேட்பவருக்கு நெஞ்சடைக்கும். 1965ல் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் ஆய்வாளர் பிரெண்டா பெக் இக்கதையை ஒலிப்பதிவு செய்தார். அது பல இரவுகள் நீண்டது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் உட்கார்ந்து கேட்டார். நம்மவர்கள் ‘படுகளத்தை மட்டும் பாடுங்க’ என்கிறார்கள்.

விடியும்வரை யார் உட்காருவார்கள் என்று கேட்கலாம். மார்கழிக் கச்சேரியில் மூன்று மணி நேரம் அசையாமல் இருக்கும் ஊர்தானே சென்னை? ஆடியில் எங்கள் அந்தியூர்ப் பக்கத்துப் புதுப்பாளையம் குருநாதசாமி பண்டிகைக்கு வந்து பாருங்கள். குதிரைச் சந்தைக்கும் மாட்டுச் சந்தைக்கும் வெளிமாநிலத்தார்கூட வந்து தங்குகிறார்கள். பிடித்துப்போனால் ஜனங்களுக்கு நேரம் ஒரு கணக்கே இல்லை.

மாறவே கூடாது என்பதும் எங்கள் கட்சி இல்லை. ஆண்கள் மட்டும் ஆடிய வள்ளி ஒயில் கும்மியில் பெண்களைச் சேர்த்தவர் கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் ஐயா. 2024ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. ஆள் மாறலாம், இடம் மாறலாம். கதையை நறுக்குவது வேறு.

அழைப்புக்குக் காத்திராமல் நாமே போய்ப் பாடலாமே என்றும் கேட்கலாம். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1947ல் முதல் சர்வதேசக் கலைவிழா நடந்தபோது, அழைப்பில்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே போய் நடித்தன. ஃபிரிஞ்ச் என்று இன்று பேர் வாங்கிய விழா அப்படித்தான் பிறந்தது. அந்த வசதி எங்கள் பாட்டுக்காரர்களுக்கு இல்லை. இரவுப் பாட்டு முடிந்து காலையில் களை வெட்டப் போகிறவர்கள் சொந்தச் செலவில் சென்னை வர முடியாது.

ஆகவே கலை பண்பாட்டுத் துறையிடம் கேட்கிறோம்: ஒரு திடல், ஒரு சனிக்கிழமை இரவு, வேறு நிகழ்ச்சியின் ஒலிபெருக்கி காதில் விழாத தூரம். பின்பாட்டுக்காரருக்கும் முன்பாட்டுக்காரருக்குச் சமமான கூலி வேண்டும். இரவு முழுக்கப் பாடுவதால் அதை இரண்டு நாளாகக் கணக்கிட வேண்டும். சென்னையில் உடனே தோதுப்படாவிட்டால் கோவையில் நடத்திப் பார்க்கட்டும். வரும் தைக்குள் இதற்குப் பதில் வராவிட்டால், ஆட்டக் குழுக்களை மட்டும் அனுப்புவோம். உடுக்கடிக் குழு எதுவும் எங்கள் சார்பில் மேடையேறாது.