கண்ணாடிச் சன்னலுக்குள் ஒரு வால்வு

நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு புதிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினார். முகப்பில் சிறிய கண்ணாடிச் சன்னல். அதற்குள் செம்மஞ்சளாய் ஒளிரும் இரண்டு வால்வுகள். ஆனால் ஸ்பீக்கரை இயக்குபவை உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்களே. இத்தகைய கருவியை ஹைப்ரிட், அதாவது கலப்பு ஆம்ப்ளிஃபயர் என்கிறார்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு வீணை இசை கேட்டோம். "வால்வின் இனிமையே தனி" என்று நானும் சொன்னேன். வீடு திரும்பிய பின்பே ஐயம் எழுந்தது: இனித்தது செவிக்கா, கண்ணுக்கா?

கலப்பு என்பதில் பிழையேதும் இல்லை. வால்வு மின்னழுத்தத்தைப் பெருக்குவதில் வல்லது. ஸ்பீக்கர் கேட்கும் மின்னோட்டத்தை அளிப்பதில் எளியது. ஆயிரக்கணக்கான ஓம் மின்தடையை எதிர்பார்க்கும் வெளியீட்டு வால்வை எட்டு ஓம் ஸ்பீக்கரோடு இணைக்க, இடையில் கனத்த டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டும். எடையும் விலையும் ஏறுவது அதனால்தான். டிரான்சிஸ்டருக்கு அது தேவையில்லை. எனவே முன்கட்டில் வால்வு, பின்கட்டில் டிரான்சிஸ்டர் என்பது அறிவார்ந்த ஏற்பாடே.

வால்வை இனியது என்பதற்கும் காரணம் உண்டு. எந்தக் கருவியும் பெற்றதை அப்படியே தருவதில்லை. தன் பங்குக்குச் சிறிது சேர்க்கிறது. டிரையோடு வால்வு பெரும்பாலும் சேர்ப்பது இரண்டாம் இசைவு. ஸட்ஜத்தோடு மேல் ஸ்தாயி ஸட்ஜம் மெல்லக் கலப்பது போன்றது அது. மூன்றாவது இசைவு அதற்கும் மேலுள்ள பஞ்சமம், அதுவும் உறுத்தாது. ஏழாவதோ நம் சுரத்தானம் எதிலும் சரியாகப் பொருந்தாது. 1960களின் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில், ஒரு டிரான்சிஸ்டர் மற்றொன்றிடம் வேலையை ஒப்படைக்கும் கணத்தில் இத்தகைய உயர் இசைவுகள் தோன்றின. மென்மையான இசையிலேயே அவை மிகுதியாக உறுத்தின. அக்குறை களையப்பட்டு வெகுகாலம் ஆயிற்று. அவப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இனி நண்பரின் சன்னலுக்கு வருவோம். முன்கட்டு வால்வு கையாள்வது சிறிய சைகை; நன்கு அமைத்த சுற்றில் அது சேர்க்கும் இசைவு மிகச் சொற்பம். 1927இல் ஹெரால்டு பிளாக் கண்ட எதிர்ப் பின்னூட்டம், வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பியளித்துப் பிழையைக் குறைக்கும் உத்தி. அந்த வளையத்துக்குள் வால்வையும் அடக்கிவிட்டால் அச்சொற்பமும் பெரும்பாலும் கரைந்துபோகும்.

மேலும், வால்வின் குணம் என்று நாம் போற்றுவதில் பெரும்பங்கு பின்கட்டில் பிறப்பது. வெளியீட்டு மின்தடை இரண்டு ஓம் என்று கொள்வோம். ஸ்பீக்கரின் மின்தடை ஓர் அதிர்வெண்ணில் 6 ஓமும் வேறோர் அதிர்வெண்ணில் 24 ஓமுமாக மாறினால், முன்னதைவிடப் பின்னது ஏறத்தாழ 1.8 டெசிபல் உயர்ந்து ஒலிக்கும். இது செவிக்குப் புலப்படும் வேறுபாடு. கலப்புக் கருவியில் நாம் நீக்கியது இந்தப் பின்கட்டைத்தானே!

1985இல் பாப் கார்வர் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் ஸ்டீரியோஃபைல் இதழாசிரியர்களிடம் ஓர் அறைகூவல் விடுத்தார்: விலை குறைந்த தம் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை, அவர்கள் போற்றும் விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் போலவே ஒலிக்கச் செய்வதாக. இரண்டுக்கும் ஒரே இசையை அளித்து, வெளியீடுகளின் வேறுபாட்டை மட்டும் அளந்து, அது அடங்கும்வரை சுற்றைத் திருத்தினார். வெளியீட்டு மின்தடையை உயர்த்தியது அத்திருத்தங்களுள் ஒன்று. இறுதியில் ஆசிரியர்களால் வேறுபடுத்த இயலவில்லை. இனிமை கண்ணாடிக் குழாய்க்குள் குடியிருப்பதன்று. வடிவமைப்பவரின் தெரிவுகளில் இருப்பது.

அப்படியாயின் ஆம்ப்ளிஃபயர் தன் நிறம் எதையும் சேர்க்கவே கூடாதா? அவ்வாறு நான் கருதவில்லை. நச்சினார்க்கினியர் அடிகளை முன்பின்னாக மாட்டிப் பொருள் கொள்வதை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் எதை எதனோடு மாட்டினேன் என்பதை அவர் மறைப்பதில்லை. மூலத்தையும் உரையையும் நாம் பிரித்தறிய முடிகிறது. அந்நேர்மையையே ஆம்ப்ளிஃபயர் செய்வோரிடமும் கேட்கிறேன். வால்வு பின்னூட்ட வளையத்துக்கு உள்ளே உள்ளதா, வெளியிலா? எந்த இசைவுகளை எவ்வளவு சேர்க்கிறது? வெளியீட்டு மின்தடை எத்தனை ஓம்? இம்மூன்றையும் சொல்லிவிட்டு எவ்வளவு நிறமும் சேர்க்கட்டும். கேட்பவர் தெரிந்து விரும்புவார். சொல்லாமல் சன்னலை மட்டும் காட்டுவது ஏமாற்று.

பின்னொரு நாள் நண்பரின் வீட்டில் அச்சன்னலைத் துணியால் மூடினோம். சற்றே உரத்து ஒலிப்பது இனிமையாகத் தோன்றிவிடும் என்பதால், ஸ்பீக்கர் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து, அவருடைய பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரோடு ஒலியளவைச் சமப்படுத்தினோம். எது ஒலிக்கிறது என்று அறியாமல் பத்து முறை கேட்டுச் சொன்னேன், ஐந்து சரி. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவே கிடைத்திருக்கும். நண்பருக்குச் சற்று வருத்தம். எனக்கோ வெட்கம். இருபது ஆண்டுகளாகச் செவிநுகர் இன்பத்தை வகுப்பில் விதந்தோதுபவன் நான். துணியை எடுக்காமலே அன்று வீணையை முழுதும் கேட்டோம். அது இனிமையாகவே இருந்தது.