ஏரிக்கரை வீடும் ஈரத் தரையும்

முப்பது வயதைத் தாண்டிய ஆபீஸ்வாசிகளுக்கு ஒரு வியாதி வரும். 'ஏரி பக்கமா சின்னதா ஒரு வீடு.' எனக்குத் தெரிந்த நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவருக்கு வந்தே விட்டது. வீராணம் அருகே நாலு சென்ட். (பட்டா நிலம்தான், விசாரித்துவிட்டேன்.) வந்தியத்தேவன் குதிரையில் வந்து ரசித்த ஏரி அது. ரசித்தான், போய்விட்டான். வீடு கட்டவில்லை, பிழைத்தான்.

"மரத் தரை போடப் போறேன் ஸார்!" என்றார், கேட்லாக்கை விரித்து.

லாமினேட் என்று விற்பது முழு மரமல்ல. மரநாரைப் பிசின் சேர்த்து அழுத்திய பலகை, மேலே மரத்தின் படம். ஏரியோரத்து மண்ணின் ஈரம் கீழிருந்து ஏறும். வீடு திறப்பதோ சனி, ஞாயிறு மட்டும். ஐப்பசி, கார்த்திகையில் பூட்டிக் கிடந்தால் பலகை அப்பளமாக உப்பும். வெள்ளம் வேறு இருக்கிறது. 2015-லும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை பொங்கியபோதும் கடலூர்ப் பக்கம் வீட்டுக்குள்ளிருந்து சேற்றை வாரிக் கொட்டினார்கள். ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவ முடியாத தரை இந்த ஜில்லாவுக்கு லாயக்கில்லை.

அவருடைய அப்பா கட்சி, ரெட் ஆக்ஸைடு. "உங்க தாத்தா போட்டதுல இன்னைக்கும் முகம் பாக்கலாம்டா!" நிஜம்தான். ஆனால் பொறுமையாக இழைத்து, நாள்கணக்கில் தண்ணீர் கட்டி வைக்கும் கொத்தனார் வேண்டும். அவசரப்பட்டால் விரிசல். திண்ணைக்கு மட்டும் என்று சமாதானம் ஆயிற்று.

ஆத்தங்குடிக் கல் அழகு. ஆனால் நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகேறும் சாதி. பூட்டிய வீட்டில் யார் நடப்பது? கடப்பா மலிவு, உறுதி. ஆனால் சுண்ணாம்புக் கல். எலுமிச்சைச் சாறு பட்டால் தழும்பு விழும். வாரக் கடைசியில் ஏரிக்கரையில் எலுமிச்சையை எதற்குப் பிழிவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

என் ஓட்டு வைட்ரிஃபைடு டைல்ஸுக்கு. தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. மரம் மாதிரி அச்சடித்ததும் கிடைக்கிறது, ஆசையும் தீரும். பளபளா வேண்டவே வேண்டாம். சொரசொரப்பான 'மேட்' வாங்குங்கள். ஈரக் காலோடு வரும் அம்மா வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், ஆஸ்பத்திரி பில்லில் இன்னொரு வீட்டுக்குத் தரை போடலாம். இடுக்குகளுக்கு வெறும் வெள்ளை சிமெண்ட் பூசாமல் எபாக்ஸி. அடியில் கான்கிரீட் போடுமுன் கனமான பாலிதீன் ஷீட் விரிக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி சிரிப்பார், சிரிக்கட்டும்.

பதித்துக் காய்ந்ததும் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டுங்கள். 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால், பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டும். கடைசித் தவணைப் பணம் அதுவரை உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.