விஷவாயு யாரையும் தாக்குவதில்லை

"விஷவாயு தாக்கி மூவர் பலி." இந்தத் தலைப்பை நாம் எத்தனை முறை படித்திருப்போம்? ஊர்ப் பெயர் மாறும், எண்ணிக்கை மாறும், வாக்கியம் மட்டும் மாறாது. இதில் குற்றவாளியாக நிற்பது ஒரு வாயு. தொட்டி யாருடையது, மூடியைத் திறக்கச் சொன்னது யார், கூலி பேசியது யார் என்ற கேள்விகளுக்கு இங்கே இடமே கிடையாது. 2025 மே மாதம், எங்கள் திருப்பூர் மாவட்டத்தில் பல்லடம் அருகே கரைப்புதூரில், சாய ஆலை ஒன்றின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன மூன்று தலித் தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்போதும் இதே வாக்கியம்தான் வந்தது.

இது விபத்து என்பவர்களுக்கு ஒரு கேள்வி. மூச்சுவிட முடியாத இடத்துக்குள் ஒரு மனிதரை இறக்கி, உயிரோடு மேலே கொண்டுவரும் வழி உலகத்துக்குத் தெரியாதா? 1943இல் பிரான்சில் குஸ்தோவும் காஞானும் முதுகில் சுமக்கும் காற்றுக் கருவியை உருவாக்கிய பிறகு, அது பொழுதுபோக்காகவே மாறிவிட்டது. காசு கொடுத்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம். நான் கற்றுக்கொண்டேன்.

நான் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தீபாவளி போனஸைச் சேர்த்து வைத்துப் புதுச்சேரிக்கு ஸ்கூபா பயிற்சிக்குக் கிளம்பியபோது, செக்கிங் வேலைக்குப் போகும் அம்மா கேட்டார்: "காசு குடுத்து மூச்சு முட்டப் போறியா கண்ணு?" ஆனால் அங்கே நான் பார்த்தது, மூச்சு முட்டாமல் இருக்க மனிதர்கள் எவ்வளவு தூரம் மெனக்கெடுகிறார்கள் என்பதைத்தான்.

முதலில் உடல்நலப் படிவம். நுரையீரல், இதயம், காது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பிறகு நீச்சல் சோதனை. அதன்பின் நீச்சல் குளத்தில் பயிற்சி: முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் எப்படி வெளியேற்றுவது, வாயிலிருந்து காற்றுக்குழாய் நழுவினால் எப்படி மீண்டும் பிடிப்பது, காற்று தீர்ந்தால் கூட வருபவரிடம் எப்படிக் கேட்பது. இவ்வளவுக்கும் பிறகுதான் கடல்.

படகில் நானும் என் இணையரும் ஒருவர் கருவியை ஒருவர் சோதித்தோம். உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்று. அது ஆக்சிஜன் அல்ல, நாம் சுவாசிக்கும் அதே காற்றை அழுத்தி அடைத்தது. வாயில் ஒரு குழாய், அவசரத்துக்கு இன்னொன்று. காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மானி. முதல் முழுக்கில் 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பயிற்சி முடித்தாலும் 18 மீட்டர்தான் எல்லை. கீழே போனதும் பயம் வந்தது. பச்சைக் கலங்கலில் நான் கேட்ட ஒரே சத்தம் என் மூச்சுதான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பயிற்றுநர் கைச்சைகையில் கேட்டார்: நலமா? காற்று எவ்வளவு? விரல்களால் பதில் சொன்னேன். பயந்தால் கட்டைவிரலை உயர்த்தலாம். காரணம் கேட்காமல் எல்லோரும் மேலே வர வேண்டும் என்பது விதி.

ஸ்கூபாவின் முதல் விதி, ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. அங்கே நுரையீரலை நிரப்பிய காற்று மேலே வரும்போது இருமடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும்.

என் சின்ன மாமா கழிவுநீர் லாரியில் போகிறவர். அருந்ததியர் காலனியில் பிறந்த எங்களுக்கு இந்த வேலை சொத்துபோல் வந்து சேர்ந்தது. அவருக்குச் சொல்லப்பட்ட ஒரே பயிற்சி, "மூச்சப் புடிச்சிட்டு எறங்கு" என்பதுதான். நான் கடலில் இறங்கிய கதையைச் சொன்னபோது அவர் மீனைப் பற்றிக் கேட்கவில்லை. "மேல ஒரு ஆளு உனக்காகவே நின்னாங்களா சாமி?" என்று கேட்டார்.

மாமாவின் கேள்விக்குச் சட்டம் எப்போதோ பதில் எழுதிவிட்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு சொன்னதைப் படியுங்கள். நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. இறங்க வேண்டுமானால் தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பு வாரில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு இன்று கிடைக்கும் பாதுகாப்பைத் தொழிலாளிக்கு அன்றே எழுதினார்கள். எழுதியது காகிதத்திலேயே கிடந்தது.

தொட்டிக்குள் தேங்குவது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனமானது, அடியில் படுத்துக் கிடக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் முகரும் உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் இல்லை என்று இறங்குபவர் ஓரிரு மூச்சில் சாய்வார். தூக்கப் போகிறவரும் சாய்வார். இந்தச் சாவுகள் இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக நிகழ்வது இதனால்தான். இதையெல்லாம் அறிய பெரிய விஞ்ஞானம் வேண்டாம், கையடக்கமான ஒரு வாயுமானி போதும்.

பணம் இல்லையா? பின்னலாடைத் தொழிற்சாலைக்குள் வந்து பாருங்கள் தோழர்களே. தையல் எந்திரத்தில் ஓர் ஊசி உடைந்தால் வேலை நிற்கும். உடைந்த துண்டுகள் அத்தனையும் தேடி எடுக்கப்பட்டு, பதிவேட்டில் ஒட்டப்பட்டு, தேதியும் கையெழுத்தும் இடப்படும். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் ஆடைகளை உலோகமானியில் சோதிப்பார்கள். எங்கோ ஐரோப்பாவில் ஒரு குழந்தைக்குக் குத்திவிடக் கூடாது என்பதற்காக. நல்லது, குத்தக் கூடாதுதான். ஆனால் நான் தணிக்கைக்காக அடுக்கி வைத்த கோப்புகளில், தொட்டியில் இறங்கும் மனிதருக்கு ஒரு பக்கம்கூட இருந்ததில்லை. அவர் வெளியிலிருந்து வரும் லாரியின் ஆள். உடைந்த ஊசிக்கு இருக்கும் பதிவேடு அவருக்கு இல்லை.

ஏன் என்பதற்குப் பதில் சாதியைத் தவிர வேறில்லை. கழிவுநீர்க் குழாய், மலத்தொட்டித் தொழிலாளர்கள் சுமார் 38,000 பேரிடம் ஒன்றிய அரசு எடுத்த கணக்கு 2024இல் வெளியானது. அவர்களில் 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பட்டியல் சாதியினர் மட்டும் ஏறக்குறைய 69 விழுக்காடு. 1993 முதலான இத்தகைய சாவுகளுக்கு நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்குகளில் பெரியார் பிறந்த தமிழ்நாடுதான் முதலிடத்தில் நின்றது. சாயத் தண்ணீரால் நொய்யல் செத்தபோது உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதன்பின் கழிவுநீரைச் சொட்டுகூட வெளியேற்றாத சுத்திகரிப்புக்குக் கோடிகோடியாகக் கொட்டினார்கள். ஆற்றுக்காக ஆலையை நிறுத்த முடிந்த ஊரில், இறந்த தலித்துக்காக ஒருநாள் ஆலை நிற்குமா?

"கருவி கொடுத்தோம், அவர்களே போடவில்லை" என்பார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பொந்து இருக்கிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் செய்வதை மட்டுமே அது "அபாயகரமான சுத்தம்" என்று வரையறுக்கிறது. கையுறையைக் காட்டித் தப்பிக்க இது போதும். எனவே ஸ்கூபா உருளையைக் கொண்டுவந்து மாமாவின் முதுகில் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. கடலுக்குள் நான் விரும்பிப் போனேன். மலத்துக்குள் யாரும் விரும்பிப் போவதில்லை. மனிதர் இறங்கவே கூடாது, எந்திரம் இறங்கட்டும். 2018லேயே கேரளத்தில் ரோபோவை இறக்கிக் காட்டிவிட்டார்கள்.

இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கருணைத் தொகை அல்ல, உரிமை. ஆனால் பணத்தோடு வழக்கு முடியக் கூடாது. ஆலை முதலாளியைக் கைது செய்ய வேண்டும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தண்டனை வரை கொண்டுபோக வேண்டும். ஏற்றுமதி ஆடை வாங்கும் நிறுவனங்களின் தணிக்கையில் கழிவுத் தொட்டியும் அதைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தமும் சேர வேண்டும்.

அடுத்தமுறை உங்கள் தெருவுக்கோ கம்பெனிக்கோ கழிவுநீர் லாரி வந்தால் போய் நில்லுங்கள். யார் வரச் சொன்னது, ஆள் உள்ளே இறங்குவாரா என்று கேளுங்கள். இறங்குவார் என்றால் வேலையை நிறுத்துங்கள், படம் எடுங்கள், புகார் கொடுங்கள். "விஷவாயு தாக்கி" என்று எவராவது எழுதினால், அனுப்பியவர் யார் என்று எழுதச் சொல்லுங்கள்.