இரண்டு சக்கரத்துக்கு ஏது சாலை?

தேவ்நார் வந்துவிட்டது என்பதைப் பெயர்ப் பலகைக்கு முன்பே காற்று சொல்லிவிடும். 1927-லிருந்து மும்பை கொட்டிவரும் குப்பைமேடு ஒரு பக்கம். 1971-ல் திறக்கப்பட்ட மாநகராட்சி இறைச்சிக்கூடம் ஒரு பக்கம். கொஞ்சம் தள்ளி செம்பூரின் உரத் தொழிற்சாலை, அதையும் தாண்டி மாஹுலின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். காரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். பஸ்ஸில் போகிறவர் கைக்குட்டையை எடுப்பார். சைக்கிளில் போகிறவருக்கு இரண்டு வசதியும் கிடையாது. கைகள் ஹேண்டில்பாரில் இருக்கின்றன.

ஆனால் நகரத்தின் நல்ல வாசனைகளும் அவருக்குத்தான் முதலில் கிடைக்கின்றன. விடியற்காலை ஐந்தரை மணிக்கு கோவண்டி நிலையத்தைத் தாண்டி வி.என். புரவ் மார்க்கில் மேற்கே மிதித்தால், டாட்டா சமூக அறிவியல் கழகத்து மரங்களின் ஈரம் முகத்தில் படும். பேக்கரிகளிலிருந்து சூடான பாவ் ரொட்டி மூட்டை மூட்டையாகக் கேரியரில் ஏறும். ஒரு காலத்தில் ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டூடியோ இருந்த இடத்தைக் கடக்கும்போது வண்டி தானாக உருள்வதுபோல் இருக்கும். 1948-ல் தொடங்கிய ஸ்டூடியோ 2017-ல் தீப்பிடித்தது, 2019-ல் கட்டடக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. செம்பூர் மார்க்கெட்டில் மல்லிகைப் பூக்கூடையைப் பிரிக்கும் நேரம். சயானைத் தாண்டி மாட்டுங்கா போய்விட்டால் வறுத்த காப்பிக்கொட்டை வாசனை. முக்கால் மணி நேரத்தில் மும்பையின் பாதி வாழ்க்கையை மூக்கு படித்து முடித்துவிடுகிறது. லோக்கல் ரயிலில் மற்றவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போகிறவருக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

கடலைத் தூர்த்து ஏழு தீவுகளை ஒட்டவைத்த ஊர் என்பதால் மும்பையில் மேடு குறைவு. டிராம்பே குன்று, சயான் குன்று, ஆன்டாப் ஹில் என்று சிலவற்றைத் தவிர்த்தால் மிதிக்கிறவருக்கு மூச்சு வாங்காது. சாயங்காலம் கடற்காற்று வேறு. சைக்கிளுக்கென்றே கட்டிய ஊர் என்று யாராவது சொன்னால் நம்பலாம், காலை எட்டரை மணிவரை.

எட்டரைக்கு மேல் அதே சாலை வேறு சாலை. நிறுத்தத்துக்கு ஒதுங்கும் பஸ் சைக்கிளை ஓரத்துச் சாக்கடைவரை நெருக்கும். நின்றிருக்கும் டாக்சியின் கதவு திடீரென்று திறக்கும். சாக்கடை மூடியின் கம்பிகள், சைக்கிள் டயர் சரியாக உள்ளே இறங்கும் திசையில் பதிக்கப்பட்டிருக்கும். பதித்தவர் சைக்கிள் ஓட்டாதவர் என்பது அதிலேயே தெரியும். மழைக்காலத்தில் பள்ளம் எது, பள்ளத்தை மறைக்கும் தண்ணீர் எது என்று கண்டுபிடிப்பதற்குள் ரிம் வளைந்துவிடும். காட்கோபர் - மான்குர்த் இணைப்புச் சாலையில் குப்பை லாரிகளும் கன்டெய்னர்களும் போகிற போக்கில் சைக்கிள்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், 'சைக்கிளை உள்ளே விடக்கூடாது' என்பார் கட்டடத்து வாட்ச்மேன். அவரே டூட்டிக்குச் சைக்கிளில் வந்தவராக இருப்பார்.

மும்பையில் சைக்கிளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஹெல்மெட்டும் கியர் வண்டியுமாக ஞாயிற்றுக்கிழமை மரைன் டிரைவ் போகிறவர்களின் படம்தான் பத்திரிகைகளில் வரும். அவர்கள் போகட்டும், நல்லதுதான். 2017-ல் மும்பைக்கு ஒரு 'சைக்கிள் மேயர்'கூட வந்தார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து இயங்கும் அமைப்பு ஒன்று ஃபிரோசா சுரேஷுக்குக் கொடுத்த கௌரவப் பட்டம் அது. ஆனால் திங்கள் முதல் சனிவரை சைக்கிளை நம்பி அடுப்பு எரிகிற வீடுகள் வேறு. டப்பாவாலாக்கள், பால்காரர், பாவ் விற்பவர், இளநீர்க்காரர், சாணை பிடிப்பவர், சிவாஜி நகரிலிருந்து பழைய பிளாஸ்டிக்கை மூட்டை கட்டி ஏற்றிச் செல்பவர். இவர்களுக்கு நடுவில் 'பாம் பாம்' என்று ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு வருகிறார் ஒருவர். அவர்தான் இட்லி அண்ணா.

தாராவித் தமிழர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வாரிசுகள். அங்கே நள்ளிரவுக்கு மேல் பல வீடுகளில் அடுப்பு பற்றவைக்கப்படுகிறது. விடிவதற்குள் இட்லியும் மெதுவடையும் அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கப்பட்டு, துணி போட்டு மூடப்பட்டுக் கேரியரில் ஏறும். சாம்பார் ஒரு தூக்கில், சட்னி ஒரு வாளியில், ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும். தனக்குக் கீழே ஒரு சமையலறையையே வைத்துக்கொண்டு மனிதர் மிதிக்கிறார். மாடியிலிருந்து மராத்திக்காரப் பெண்மணி, "அண்ணா, சட்னி அவுர் தோடா" என்று குரல் கொடுப்பார். வயதில் இளைய பையனாக இருந்தாலும் அவன் அண்ணாதான். உறவுப் பெயர் இங்கே தொழிற்பெயர் ஆகிவிட்டது. மும்பையில் தென்னிந்திய ஹோட்டல் இல்லாத தெரு இருக்கலாம். இட்லி சைக்கிள் எட்டிப் பார்க்காத தெருக்கள் குறைவு.

இந்த வியாபாரத்தின் கணக்கு முழுக்கத் தூரத்தில் இருக்கிறது. சுமையோடு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதிக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் சாம்பார் ஆறிவிடும், ஆபீஸ் போகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஆகவே வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் வாடிக்கை இருக்கிறது என்பதுதான் வருமானம். பெட்ரோல் விலை ஏறினால் அண்ணாவுக்குக் கவலையில்லை. சாலை மூடப்பட்டால் கவலை. நூறாண்டுக்கும் மேற்பட்ட சயான் ரயில் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் இடித்துக் கட்டுவதற்காக மூடப்பட்டபோது, தாராவிக்கும் கிழக்குப் பகுதிக்கும் நடுவே இருந்த சுலபமான வழி ஒன்று போயிற்று. கார்க்காரருக்கு அது கூடுதல் கால் மணி நேரம். மிதிக்கிறவருக்கு அது முழங்கால் வலி.

மும்பை சாலைக்குப் பணம் செலவழிக்காத ஊர் அல்ல. 2009-ல் பாந்த்ரா - வொர்லி கடற்பாலம், 2013-ல் ஆரஞ்ச் கேட்டிலிருந்து செம்பூர்வரை கிழக்கு விரைவுப் பாதை, 2024 ஜனவரியில் 21.8 கிலோமீட்டர் நீள அடல் சேது, அதே ஆண்டு மார்ச்சில் கரையோரச் சாலை. இந்த நான்கிற்கும் ஒரு பொது விதி உண்டு. சைக்கிள் ஏறக்கூடாது.  பாதுகாப்பு என்பது காரணம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் மேலே போக முடியாதவர்களுக்குக் கீழே என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. வண்டிகளை மேலே ஏற்றிவிட்டதால் கீழே கிடைத்த இடத்தில் ஆறடி அகலம் சைக்கிளுக்கு ஒதுக்கியிருக்கலாம். அந்த இடத்தை வண்டி நிறுத்தமும் தூண்களும் எடுத்துக்கொண்டன. சாலை வண்டிகளுக்காக அல்ல, மனிதர்களுக்காக என்று 2006-ல் மத்திய அரசின் நகரப் போக்குவரத்துக் கொள்கை அழகாக எழுதிவைத்தது. எழுதியது எழுதியபடியே இருக்கிறது.

சைக்கிளுக்குத் தனித் தடமே போடவில்லை என்று சொல்ல முடியாது. 2011-ல் பாந்த்ரா - குர்லா வளாகத்தில் கோடிக் கணக்கில் செலவு செய்து போட்டார்கள். வங்கிகளும் கம்பெனிகளும் இருக்கும் இடம் அது. தடத்தில் கார்கள் நின்றன, டீக்கடைகள் வந்தன. சைக்கிள்தான் வரவில்லை. வீட்டிலிருந்து அந்த வளாகம்வரை வந்து சேர வழியில்லாதபோது வளாகத்துக்குள் மட்டும் தடம் போட்டால் எப்படி வரும்? பதினான்கு ஆண்டுகள் கழித்து அந்தத் தடத்தை எடுத்துவிட்டு மோட்டார் வண்டிகளுக்கே கொடுத்துவிடும் திட்டம் வந்தது. 2022-ல் அந்தேரி - தஹிசர் பக்கம் திறந்த மெட்ரோ ரயில்களில் சைக்கிளோடு ஏறலாம் என்றார்கள். நல்ல காரியம். ஆனால் இட்லிப் பாத்திரம் கட்டிய சைக்கிளோடு எந்த மெட்ரோவில் ஏறுவது?

இதைவிடப் பெரிய கதை தான்சா குழாய்ப் பாதையின் கதை. தான்சா ஏரியிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய்கள் முலுண்ட், காட்கோபர், வித்யாவிஹார் வழியாக வருகின்றன. குழாய்களின் பாதுகாப்புக்காக இரு பக்கமும் பத்து மீட்டர் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது உயர் நீதிமன்ற உத்தரவு. பல ஆண்டுகளாக அங்கே குடிசை போட்டிருந்தவர்கள் அகற்றப்பட்டார்கள். காலியான இடத்தில் மறுபடி குடிசை வராமலிருக்க என்ன செய்வது? மாநகராட்சி கண்டுபிடித்த வழி, 39 கிலோமீட்டர் நீளத்துக்குச் சைக்கிள் பாதை. 2017-ல் பசுமைத் திட்டம் என்று படம் போட்டு அறிவித்தார்கள்.

அகற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? ஏராளமான குடும்பங்கள் தேவ்நாருக்குப் பக்கத்தில், சுத்திகரிப்பு ஆலைகளின் வேலியோரம் மாஹுலில் கட்டிய அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. மாஹுல், அம்பாபாடா பகுதி மக்களின் உடல்நலத்துக்குக் காற்று மாசால் ஆபத்து இருக்கிறது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே சொல்லியிருந்தது. தெரிந்தேதான் அனுப்பினார்கள். வேலை வித்யாவிஹாரில், வீடு மாஹுலில். வீட்டு வேலை செய்த பெண்களுக்கு, நடந்து போய்வந்த வேலை எட்டாத தூரத்துக்குப் போயிற்று. மூச்சுத்திணறலும் தோல் நோயும் வந்ததாகக் குடியிருந்தவர்கள் புகார் செய்தார்கள், 2018-ல் வித்யாவிஹார் நடைபாதையிலேயே போராட்டம் நடத்தினார்கள். யாரையும் மாஹுலில் குடியிருக்கும்படி கட்டாயப்படுத்தக்கூடாது, மாற்று வீடு தர முடியாவிட்டால் மாதம் 15,000 ரூபாய் வாடகையாகக் கொடுக்க வேண்டும் என்று 2019-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பாவம் சைக்கிள். யாரையும் குடியெழுப்பும்படி அது கேட்கவில்லை. ஆனால் ஏழையின் வாகனத்தின் பெயரைச் சொல்லியே ஏழையின் வீட்டுக்கு மேல் பாதை வரைய முடியும் என்பதை மும்பை காட்டிவிட்டது. அந்த 39 கிலோமீட்டரும் ஓட்டத்துக்கு வராமலே ஆண்டுகள் ஓடின.

அந்தக் கதை பழசாவதற்குள் அடுத்தது தொடங்கிவிட்டது, இந்தத் தடவை தேவ்நாரிலேயே. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். அப்படிப்பட்டவர்களுக்கு வீடு கட்ட, தேவ்நார் குப்பைக் கிடங்கில் 124 ஏக்கர் நிலத்தைத் தர 2024 அக்டோபரில் மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அங்கே 185 லட்சம் டன் பழைய குப்பை மலையாகக் குவிந்திருப்பதாக மாநகராட்சியின் கணக்கு. 2016 ஜனவரியில் இந்த மலை தீப்பிடித்து எரிந்தபோது சுற்றுவட்டாரப் பள்ளிகளை மூட வேண்டி வந்தது.

நிலம் சுத்தமாகுமா, காற்று மாறுமா என்ற கேள்விகளை நிபுணர்கள் கேட்கிறார்கள். ஒரு சின்னக் கேள்வியை இட்லி அண்ணாவின் சார்பில் கேட்கலாம். தாராவி மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு மாவு அரைப்பவர் தேவ்நாருக்குப் போனால், அவருடைய வாடிக்கை எங்கே இருக்கும்? மாட்டுங்காவும் சயானும் மாஹிமும் இடம் பெயரப்போவதில்லை. சுமார் பத்துக் கிலோமீட்டர், இருட்டில், லாரிகளுக்கு நடுவே, கேரியரில் கொதிக்கும் சாம்பாரோடு. வீட்டின் சதுர அடி எவ்வளவு என்பதைத் திட்டத்தில் எழுதுகிறார்கள். வீட்டிலிருந்து பிழைப்பு எத்தனை மிதி தூரம் என்பதை எழுதுவதில்லை. மாஹுலில் விட்டுப்போனது அந்த ஒரு வரிதான்.

இதற்குக் கடற்பாலம் கட்டும் செலவு ஆகாது. கோவண்டியிலிருந்து சயான்வரை சாலையோரத்தில் நிறுத்திவைத்த கார்களை அகற்றி ஒரு கோடு போடலாம். சாக்கடை மூடிகளைத் திருப்பிப் பதிக்கலாம். ரயில் நிலையங்களில் கூரையோடு சைக்கிள் ஸ்டாண்டு வைக்கலாம். தெருவோர வியாபாரிகளுக்கான சட்டம் 2014-ல் வந்துவிட்டது. அதன்படி இட்லி சைக்கிளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தால், மாநகராட்சி லாரி வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போகுமோ என்று ஹாரனை மெதுவாக அமுக்க வேண்டியிருக்காது.

அரசாங்கம் சைக்கிளை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்னால் நின்றார். ஆயிரக் கணக்கான கிராமத்துப் பெண்கள் பஸ்ஸுக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்திராமல் தாங்களே மிதித்துப் போனார்கள். அங்கே யாரும் தனிப் பாதை போடவில்லை. மிதிக்கிறவரை மரியாதைப்பட்ட மனிதராகப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மும்பையிலும் தொடங்க வேண்டியது அங்கேதான். காலையில் ஹாரன் சத்தம் கேட்டதும் இட்லி சூடாக இருக்கிறதா என்று கேட்கிற நகரம், அது எந்த வழியாக வந்தது என்றும் ஒரு நாள் கேட்கலாம்.