மகரந்தச் சேமிப்பும் அலகுப் பனையும்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் பயிரிடும் மிராசுதார்களுக்கு மகரந்தத்தைச் சேமித்து வைப்பது வீண் வேலையாகத் தோன்றக்கூடும். நெல்லின் மகரந்தம் உதிர்ந்த சில நிமிஷங்களில் சக்தியிழந்துவிடும். தன் பூவிலேயே மணி பிடிப்பதால் அதனால் நஷ்டமில்லை. வாழை கன்றினால் பெருகுவது.

தென்னையின் விஷயம் வேறு. 1932ஆம் வருஷத்தில் நீலேசுவரத்தில் நெட்டை மரத்துப் பூவில் குட்டை மரத்து மகரந்தத்தைச் சேர்த்துக் கலப்புத் தென்னை உண்டாக்கினார்கள். இதற்குத் தாய்ப்பூ பக்குவமாகும் நாளில் மகரந்தம் தயாராயிருத்தல் அவசியம். ஈரம் போக உலர்த்திக் குளிரில் வைத்தால் அது சில காலம் கெடாது. பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரி சென்டிகிரேடு குளிர்ந்த திரவ நைட்ரஜனில் வைத்தாலோ வருஷக்கணக்கில் உயிரோடிருக்கும்.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் நுங்கு காய்க்காத அலகுப் பனை எதற்கு?" என்பாருண்டு. அலகுப் பனையும் பதநீர் தருவதை அவர்கள் மறந்தனர் போலும்! மகரந்தம் தகப்பன் பாதி மாத்திரமே. அதை விதைத்து மரமாக்க முடியாது. தேரிக்காட்டில் நிற்கும் உயர்ந்த பனைகளின் உச்சிக்கு மகரந்தப் புட்டியுடன் யார் ஏறுவது? காற்றும் பூச்சிகளும் கூலியின்றிச் செய்யும் வேலை அது. இளம் பனை ஆணா பெண்ணா என்பதும் பன்னிரண்டு வருஷத்திற்கு மேல் சென்று பாளை விட்டாலன்றித் தெரியாது.

பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டுமென்று 2021இல் அரசாங்கத்தார் அறிவித்தனர். மனு வருங்கால், அருகில் எத்தனை அலகுப் பனைகள் மிஞ்சும் என்பதையும் கிராம அதிகாரிகள் தம் அறிக்கையில் குறிப்பிட வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.