மண்டியிட வைத்த சிலை

வாஷிங்டன் நகரிலே, லிங்கன் பெயர் தாங்கிய பூங்காவிலே, ஒரு வெண்கலச் சிலை. 1876ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று திறக்கப்பட்டது. ஆபிரகாம் லிங்கன் நிமிர்ந்து நிற்கிறார். அவர் காலடியிலே, விலங்கொடிந்த கறுப்பர் ஒருவர் மண்டியிட்டிருக்கிறார். நிற்பவர் அருள்கிறார்; பணிந்தவர் பெறுகிறார்! தேவன் வரமளிக்கும் புராணக் காட்சியேதான். உடை மட்டுமே வேறு!

தோழர்களே! அந்தச் சிலை சொல்லும் கதை பொய் என்கிறோம். லிங்கனைச் சிறுமைப்படுத்த அல்ல. அவரது மெய்யான பெருமையைக் காட்ட!

1809இல், கெண்டக்கியில், மரக்கட்டைக் குடிசையிலே பிறந்தார். பள்ளி சென்ற நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு நிறையாது. கோடரி பிடித்த கரம் ஏட்டைப் பற்றியது, வழக்கறிஞராக்கியது, வெள்ளை மாளிகை வரை கொண்டு சென்றது. ஏற்றமிகு வாழ்வு! மறுப்பார் யார்?

ஆனால், 1858இல், செனட் தேர்தல் வாதமேடையில், இரு இனத்தாருக்கும் சமூக, அரசியல் சமத்துவம் வேண்டும் என்பது தம் கருத்தல்ல என்று சொன்னவரும் அவரே. 1862 ஆகஸ்டில், கறுப்பினப் பிரதிநிதிகளை அழைத்து, வேறு நாட்டில் குடியேறுங்கள் என்று அறிவுரை கூறியவரும் அவரே. 1863 சனவரி முதல் நாள் வெளியிட்ட விடுதலைப் பிரகடனமும் கிளர்ச்சிப் பகுதிகளுக்கே பொருந்தியது. ஒன்றியத்தின் பக்கம் நின்ற கெண்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் மாநிலங்களின் அடிமைகளை அது தொடவில்லை.

"ஆயினும் ஆணையிட்டவர் அவர்தானே?" என்று கேட்பர். ஆம், அவர்தான்! ஆனால், ஆணைக்கு முன்பே அடி எடுத்து வைத்தவர் யார்? 1861 முதலே பண்ணைகளை விட்டோடி, ஒன்றியப் படையின் பாசறைகளிலே வந்து குவிந்த அடிமைகளல்லவா! ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தார் படையிலே சேர்ந்தனர். வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். கறுப்பு வீரனுக்கோ, உடைக்கெனப் பிடித்தது போக 7 டாலர்! குண்டு மட்டும் நிறம் பார்த்தா பாய்ந்தது? அடிமைத்தளையை அறுத்தெறிந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ், 1863இல் வெள்ளை மாளிகை சென்று நீதி கேட்டார். மண்டியிட்டல்ல, நேர் நின்று கேட்டார்! 1864இல் சம ஊதியத்துக்குச் சட்டம் வந்தது.

லிங்கனின் பெருமை இங்கேதான் இருக்கிறது. கேட்டார், சிந்தித்தார், மாறினார். அடிமை முறையை நாடெங்கும் ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்துக்காக முனைந்து உழைத்தார். 1865 சனவரி 31இல் அது பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிற்று. ஏப்ரல் 11 அன்று, கறுப்பினத்தாரில் படைவீரர்க்கும் அறிவிற் சிறந்தோர்க்கும் வாக்குரிமை தரலாம் என்றார். கூட்டத்திலே நின்று அதைக் கேட்ட ஜான் வில்க்ஸ் பூத், மூன்றாம் நாள் அவரைச் சுட்டான். 1858இல் பேசிய லிங்கனை அல்ல, அந்த லிங்கனைக் கடந்து வளர்ந்த லிங்கனைத்தான் வெறியன் கொன்றான்!

சிலைக்குப் பணம் தந்தவர்கள் விடுதலை பெற்ற மக்கள். ஓர் அம்மையார் அளித்த 5 டாலரில் தொடங்கிய நிதி அது. எனினும், வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. திறப்பு விழாவிலே பேசிய டக்ளஸ், லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் தலைவரே என்று கூறவும் தயங்கவில்லை. அவரது தொண்டைப் போற்றவும் மறக்கவில்லை. சில நாட்களில், கறுப்பர் எழுந்து நிற்கும் சிலையையே காண விழைகிறேன் என்று ஏட்டிலே எழுதினார். பாஸ்டன் நகரிலிருந்த இதன் மறுபடிவம் 2020இல்தான் அகற்றப்பட்டது.

தலைவனைத் தெய்வமாக்குவோர், மக்களை மண்டியிட வைக்கின்றனர். லிங்கனைப் போற்றுவோம், மனிதராகவே! விடுதலை வரமல்ல, வென்றெடுத்தது!